உலகம் சுற்றிய உறையூர்ச் சுருட்டு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலை. எர்ணாகுளம் நிலையத்தின் விசாரணைச் சாளரத்தில் நான் பணியில் இருந்தேன். முதிய ஆங்கிலேயர் ஒருவர் வந்து, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இரவு வண்டியைப் பற்றி வினவினார். மலைக்கோட்டையையோ திருவரங்கத்தையோ காணச் செல்கிறார் போலும் என்று எண்ணினேன். அவரோ, தாம் சிறு வயதில் படித்த துப்பறியும் கதை ஒன்றில் திருச்சிச் சுருட்டின் சாம்பல் வருகிறது என்றும், அந்தச் சுருட்டுப் பிறந்த தெருவைப் பார்க்க வேண்டும் என்றும் கூறினார். பேச்சினிடையே ‘செரூட்’ என்ற சொல்லைப் பல முறை கையாண்டார். அது தமிழ்ச் சொல் என்பது அவருக்குத் தெரியவில்லை. உறையூரில் பிறந்து, சுருட்டுச் சுற்றிய பாட்டனாரின் மடியில் வளர்ந்த எனக்கோ, அந்தச் சொல்லும் அந்தச் சுருட்டும் எத்தனை தொலைவு சென்று வந்தன என்பது அதுவரை தெரியவில்லை. இரண்டாவது அறியாமையே பெரிது என்று எனக்குப் பட்டது.

அன்று தொடங்கிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன். புகைப் பழக்கத்தைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ‘நல்ல சுருட்டு’ என்று உலகம் மதித்தது எதனை, அம்மதிப்பு யாரைச் சென்று சேர்ந்தது என்ற இரண்டு வினாக்களே என் முன் நின்றன.

சொல்லின் பயணம்

சுருட்டப்பட்டது சுருட்டு. இதைவிட எளிய சொல்லாக்கம் வேண்டுமோ? 1669 முதல் 1679 வரை வங்கக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வணிகம் செய்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கில மாலுமி, இந்நாட்டு ஏழை எளியவர்கள் புகையிலையைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறு முனையை உதட்டில் பொருத்திப் புகைப்பதைக் குறித்து வைத்தார். போர்ச்சுகீசியர் அதனைச் ‘செரூட்டா’ என்று அழைத்ததையும் எழுதினார். 1886-இல் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற புகழ்பெற்ற சொற்களஞ்சியம், ஆங்கிலச் ‘செரூட்’ தமிழின் சுருட்டே என்று காட்டிற்று. மிளகுதண்ணி, கட்டுமரம் ஆகியவற்றோடு கப்பலேறிய தமிழ்ச் சொற்களுள் இதுவும் ஒன்று.

சொல் நம்முடையது, இலையோ அயலது. 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாத் தீவில் இலையைச் சுருட்டிப் புகைக்கும் மக்களைக் கண்டனர். அவ்விலையைப் பதினாறாம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். 1605-ஆம் ஆண்டளவில் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குச் சென்ற புகையிலை, அங்கே ஒரு புதுமைப் பொருளாக இருந்தது. 1617-இல் ஜஹாங்கீர் அதனைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை. தமிழ்நாட்டிலோ, சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்பி, ‘புகையிலை விடு தூது’ என்று ஒரு நூலே பாடிவிட்டார்!

மட்டாஞ்சேரியின் தொடர்பு

நாம் குடியிருக்கும் இவ்வூருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1500-இல் போர்ச்சுகீசியர் கொச்சிக்கு வந்தனர். 1555-இல் அவர்கள் அரசருக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனையே, பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்ததால், ‘டச்சு அரண்மனை’ என்று இன்று நம் பிள்ளைகள் வாயில் வழங்குகிறது. டச்சுக்காரர் 1658-இல் யாழ்ப்பாணத்தையும், 1663-இல் கொச்சியையும் கைப்பற்றினர். இவ்வாறு ஒரே கும்பினியின் கொடி இரண்டு கரைகளிலும் பறந்தது.

யாழ்ப்பாணத் தமிழ் உழவர் விளைத்த புகையிலைக்கு மலையாளக் கரையே பெரிய சந்தையாக இருந்தது. திருவிதாங்கூர் அரசு அதனைத் தனியுரிமையாக்கி விற்றுப் பெரும் பொருள் ஈட்டியது. கொச்சி அரசும் புகையிலை விற்பனையைத் தன் கையில் வைத்திருந்தது. மலபாரில் ஆங்கிலக் கும்பினியாரும் அவ்வாறே செய்தனர். கோயம்புத்தூர்ப் புகையிலை மலை கடந்து களவாக வருவதைத் தடுக்கக் காவலரை நிறுத்தினர். திருவிதாங்கூரின் தனியுரிமை 1860-களில், சர் டி. மாதவராவ் திவானாக இருந்தபோது நீக்கப்பட்டது.

இவ்வாறு வந்தவற்றுள் பெரும்பகுதி மெல்லும் புகையிலை. உவர்நீர் பாய்ச்சி வளர்த்த இலையில் உப்பு மிகும். அது நன்றாக எரியாது. வெற்றிலையோடு மெல்லவே ஏற்றது. சுருட்டுக்கு உரிய இலை வேறு. அதைக் காணத் திண்டுக்கல்லுக்குச் செல்ல வேண்டும்.

திண்டுக்கல் இலையும் உறையூர்க் கையும்

திண்டுக்கல்லைச் சூழ்ந்த நிலத்தில் கிணற்றுப் பாசனத்தால் விளைந்த புகையிலையே திருச்சிச் சுருட்டின் உயிர். அங்கு விளைந்த இலை உறையூருக்கு வந்து சுருட்டாயிற்று. முற்காலச் சோழரின் தலைநகராக விளங்கிய உறையூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுருட்டால் பெயர் பெற்றது காலத்தின் விளையாட்டு! 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இருப்புப்பாதை வந்தது. 1875-இல் அது திண்டுக்கல் வழியாக மதுரைக்கு நீண்டது. அதுவரை மாட்டு வண்டியில் வந்த புகையிலைச் சிப்பங்கள் அதன்பின் சரக்கு வண்டியில் ஏறின. சென்னை ஸ்பென்சர் கம்பெனியார் திண்டுக்கல்லிலேயே தொழிற்சாலை நடத்தி, உயர்ந்த ரகச் சுருட்டுகளைச் சீமைக்கும் அனுப்பினர்.

பறித்த இலையைக் கயிற்றில் கோத்து உலர்த்துவர். பிறகு அம்பாரமாகக் குவிப்பர். குவியலின் உள்ளே தானாகவே சூடு பிறக்கும். மேலிருந்த இலையை உள்ளும், உள்ளிருந்ததை மேலுமாகப் பல முறை புரட்டி அடுக்குவர். இதனையே பாடம் செய்தல் என்பர். பாடம் ஏற ஏறப் பச்சை நாற்றமும் காறலும் நீங்கி, நிறம் கறுத்து, மணம் கூடும். இப்பணியில் அவசரப்பட்டால் அந்த ஆண்டு விளைச்சல் முழுவதும் கெடும்.

பின்னர் நடுநரம்பை உருவி எடுத்து, உள்ளே வைக்கும் இலை, அதைக் கட்டும் இலை, மேலே போர்த்தும் இலை என மூன்றாகப் பிரிப்பர். மேலிலை ஓட்டையின்றி, மெல்லியதாய், நரம்பு புடைக்காததாய் இருத்தல் வேண்டும். பலகை மீது வைத்து உள்ளங்கையால் உருட்டிச் சுற்றி, ஓரத்தைப் பசையிட்டு ஒட்டுவர். கியூபாவின் ஹவானாச் சுருட்டுக்கு வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும். புகைப்பவர் அதனை வெட்டித் திறக்க வேண்டும். நம் சுருட்டு இரு முனையும் வெட்டிய நேரான சுருட்டு. வேறுபாடு இவ்வளவே, கைத்திறத்தில் குறைவு ஏதும் இல்லை.

நல்ல சுருட்டைத் தேரும் முறை

சுருட்டைத் தேர்வதற்கு மேனாட்டார் வகுத்த இலக்கணம் உண்டு. முதலில் கண். மேலிலை ஒரே நிறமாக, மெல்லிய எண்ணெய்ப் பளபளப்போடு இருக்க வேண்டும். அடுத்தது விரல். முனையிலிருந்து முனை வரை மெல்ல அழுத்தினால் எங்கும் ஒரே இறுக்கம் வேண்டும். மெத்தென்ற இடம் இருப்பின் அங்கே வேகமாக எரிந்து சூடேறும். முடிச்சுப் போன்ற கடினம் இருப்பின் புகை இழுபடாது. மூன்றாவது மூக்கு. பற்றவைக்கும் முன்பே நல்ல இலை மண்ணும் மரமும் கலந்ததொரு மணம் தரும். புளித்த வாடை பாடம் போதாமையைக் காட்டும்.

பற்றவைத்த பின்னர் நெருப்பு வட்டம் ஒரு பக்கம் சாயாமல் நேராகச் செல்ல வேண்டும். சாம்பல் உடனே உதிராமல் சிறிது நேரம் நிற்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே நிறுத்தி, இனிப்பு, காரம், கசப்பு எவ்வாறு மாறுகின்றன என்று நோக்குவர். திருச்சிச் சுருட்டைக் காரமும் விறுவிறுப்பும் மிக்க கறுத்த சுருட்டு என்று வகைப்படுத்தினர். சேமிப்பதும் ஒரு கலை. மிக உலர்ந்தால் மேலிலை வெடிக்கும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். அருகிலுள்ள மணத்தையும் அது பற்றிக்கொள்ளும். இடவப்பாதி மழையும் சுக்கு, மிளகுக் கிடங்குகளும் கூடிய நம் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவைவிடச் சுருட்டுக்குப் பொருந்தாத இடம் வேறு இராது!

இவ்விலக்கணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நேரான எரிப்பு, சீரான இறுக்கம், தடையற்ற இழுப்பு, நிற்கும் சாம்பல் ஆகிய அனைத்தும் இலையின் குணத்தால் மட்டும் வருவன அல்ல. சுற்றியவரின் கையால் வருவன. சுருட்டை மதிப்பிடுகிறவர், தாம் அறியாமலே, முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் விரல்களை மதிப்பிடுகிறார்.

என் பாட்டனார் இவ்விலக்கணம் எதனையும் படித்தவர் அல்லர். ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே வைத்து இரு விரலால் உருட்டுவார். மெல்லிய சலசலப்பைக் கேட்டே, “இது தேறும், இது தேறாது” என்று பிரித்து வைப்பார். “புகைச்சுப் பாக்கணும்னா ஒரு சுருட்டு போயிடும், தொட்டுப் பாத்தா ஒண்ணும் போகாது தம்பி” என்பது அவர் வாக்கு.

சாம்பலின் சாட்சி

சர் ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த கறுத்த, ஏடு ஏடான சாம்பலைக் கண்டு, அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் துணிகிறார். அந்த ஆங்கில முதியவர் சொன்ன கதை இதுவே. 1890-இல் வந்த அடுத்த கதையில், 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தாம் ஒரு நூல் எழுதியிருப்பதாகவும் ஹோம்ஸ் கூறுகிறார். கோதாவரி ஆற்றின் நடுத்திட்டுகளில் விளையும் ‘லங்கா’ப் புகையிலையும் அக்கதையில் இடம்பெறுகிறது. விளக்கமின்றியே இலண்டன் வாசகர் புரிந்துகொள்ளும் அளவுக்குத் திருச்சியின் பெயர் அந்நாளில் பரவியிருந்தது.

வின்ஸ்டன் சர்ச்சிலும் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வர். அவர் 1896-இல் படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தவர் என்பது உண்மை. ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டே கியூபா சென்று, ஹவானாச் சுருட்டின் சுவையைப் பிடித்துக்கொண்டவர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

பெயர் யாருக்கு?

கியூபாவில் 1865 முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிக்கும் வழக்கம் தோன்றியது. அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளர்களே திரட்டிக் கொடுத்தனர். கைகள் இலையில், செவிகள் நூலில்! ‘மான்டி கிறிஸ்டோ’ என்ற புகழ்பெற்ற சுருட்டின் பெயரே அவர்கள் விரும்பிக் கேட்ட நாவலிலிருந்து வந்ததாம். நம் கேரளத்தின் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர்கள் இவ்வாறே நாளிதழ் படிக்கக் கேட்டு அரசியலறிவு பெற்றனர். 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாங்களே உரிமையாளராயினர்.

உறையூரிலோ என் பாட்டனாருக்கு நூற்றுக்கு இத்தனை என்ற கூலியே கிடைத்தது. தேறிய சுருட்டு பெட்டிக்குள் சென்றது. கழிந்த துணுக்குகளைச் சுற்றித் தாம் புகைத்தார். பெட்டியின் மேல் கம்பெனியின் பெயர் இருந்தது, ஊரின் பெயர் இருந்தது, படமும் இருந்தது. சுற்றியவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. சாம்பலைக் கண்டு ஊரைச் சொன்ன ஹோம்ஸாலும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க முடியாது.

தேய்ந்த தொழில்

இயந்திரத்தில் செய்த சிகரெட்டும், மலிவான பீடியும் சுருட்டின் இடத்தைப் பிடித்தன. 1943-இல் புகையிலைக்குக் கலால் வரி வந்தது. 1947-க்குப் பின் ஆங்கில வாடிக்கையாளர் கப்பலேறினர். புகையின் கேட்டையும் மருத்துவ உலகம் ஐயமின்றி நிறுவிவிட்டது. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தருவது. 1999-இல் நம் எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றமே பொது இடங்களில் புகைப்பதைச் சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்து நாட்டுக்கு வழிகாட்டியது. 2003-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. இவை நல்லன என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, என் பாட்டனார் வாயில் தோன்றிய புண்ணால் உணவு செல்லாமல் மெலிந்து மறைந்தார். இறுதி நாட்களில் பேச்சு நின்றபோதும், போர்வையின் ஓரத்தை அவர் விரல்கள் தாமாகவே சுருட்டிக்கொண்டிருந்தன.

முடிவுரை

ஆதலின் சுருட்டை நான் போற்றவில்லை. அவர் கையைப் போற்றுகிறேன். அத்தொழில் அவரைக் கொன்றது என்பதும் உண்மை. அவர் தொழிலில் மாசற்றவர் என்பதும் உண்மை. இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் வரலாறு ஆகாது.

நம் காலனியில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் பின்னும் இவ்வாறு ஒரு பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பர். துணி வெளுத்தவர், மூட்டை சுமந்தவர், தறி நெய்தவர், பலகாரம் செய்து விற்றவர் எனப் பலர். அவர்கள் பெயரையும், ஊரையும், தொழிலின் நுட்பத்தையும், அதில் பட்ட துன்பத்தையும் பிள்ளைகள் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு மலரில் சில பக்கங்களை அதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று சங்கத்தாரைப் பணிவுடன் வேண்டுகிறேன். பெட்டியின் மேல் இடம்பெறாத பெயர்கள் நம் மலரிலாவது இடம்பெறட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!