ஐயாயிரம் என்னும் விதி

1986 மே 2ஆம் நாள், கோர்சிகாத் தீவின் மலைச்சாலை வளைவொன்றில் லான்சியா டெல்டா எஸ்4 பள்ளத்தில் வீழ்ந்து தீப்பற்றியது. ஓட்டுநர் ஹென்ரி தொய்வொனெனும் இணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் மாண்டனர். அவ்வண்டி சார்ந்த ‘குரூப் பி’ பிரிவில் 200 வண்டிகள் செய்தாலே அனுமதி கிட்டும். 1987 முதல் அப்பிரிவு உலக ராலிப் போட்டியினின்று நீக்கப்பட்டது. அதனிடத்தைப் பிடித்த ‘குரூப் ஏ’ பிரிவோ பன்னிரண்டு மாதங்களில் 5000 வண்டிகள் செய்யப்பட வேண்டும் என்றது.

அவ்விதியே, 1979இல் ஜுஜாரோவின் வடிவமைப்பில் வெளிவந்த ஐந்து கதவுக் குடும்ப ஹேட்ச்பேக்கான டெல்டாவைக் களத்துக்குக் கொணர்ந்தது. டர்போவும் நாற்சக்கர இயக்கமும் பெற்ற அது, 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு உற்பத்தியாளர் பட்டங்களை வென்றது. ‘இன்டெக்ராலே’ என்னும் அதன் பெயரே இத்தாலியத்தில் நாற்சக்கர இயக்கத்தைக் குறிப்பது. பந்தயத்துக்கு வேண்டிய அகன்ற சக்கர வளைவுகள் விற்பனை வண்டியிலும் இடம்பெற்றது இவ்விதியாலேயே.

இவ்வனுமதி முறையின் பெயர் ஹோமொலொகேஷன். ‘ஒன்றாகச் சொல்லுதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. தமிழின் ‘ஒப்புதல்’ என்பதும் ஒத்திருத்தல், உடன்படுதல் ஆகிய இரண்டையும் சுட்டும். இன்று பழைய இன்டெக்ராலேவை வாங்கி வரலாற்று ராலியில் ஓட்ட விழைவோர்க்கு இவ்விரண்டும் வேண்டும். வண்டி அக்கால ஒப்புதல் ஆவணத்தோடு ஒத்திருக்க வேண்டும். புதிய பாகங்களால் பெற்ற வேகம் அங்கே தகுதியன்று, குறையே. வாங்குபவர் பெறுவது இயந்திரத்தை மட்டுமன்று. ஒரு விபத்துக்குப்பின் எஞ்சிய விதியையும்தான்.