ஏதென்ஸ்: இல்லாததைக் காட்சிக்கு வைத்த மியூசியம்

மியூசியம்னா நம்மகிட்ட என்னவெல்லாம் இருக்கு பாருங்கன்னு காட்டுற இடம். ஏதென்ஸில் உள்ள அக்ரோபொலிஸ் மியூசியத்தின் மேல்மாடி கொஞ்சம் வித்தியாசம். எங்ககிட்ட என்ன இல்லைன்னு பாருங்கன்னு காட்டுது. ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான் கழிந்தது.

முதலில் கொஞ்சம் வரலாறு (கொட்டாவி விடாதீங்க மக்களே). அக்ரோபொலிஸ் குன்றின் மேல் இருக்கும் பார்த்தினான், அதீனா தேவியின் கோயில். கி.மு. 447-ல் தொடங்கி 432-ல் சிற்ப வேலை முடிந்தது. பிற்பாடு சர்ச் ஆனது, மசூதியும் ஆனது. 1687-ல் துருக்கியர்கள் உள்ளே வெடிமருந்தை அடுக்கி வைத்திருக்க, முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு அதன் மேலேயே விழுந்தது. இரண்டாயிரம் வருஷம் தாங்கின கட்டடம் அன்றைக்குப் பிளந்தது.

மிச்சத்தில் கை வைத்தவர் ஒட்டமான் அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு. 1801 முதல் அவர் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்தார்கள். எடை குறைய சில பலகைகளின் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்தே எடுத்தார்கள். அனுமதியோடுதான் எடுத்தேன் என்றார் எல்ஜின். ஆனால் அந்த அனுமதியின் துருக்கி மூலம் கிடைக்கவில்லை, இருப்பது ஒரு இத்தாலிய மொழிபெயர்ப்பு மட்டுமே. 1816-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 35,000 பவுண்டு கொடுத்து வாங்கி, பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்தது.

1982-ல் கிரேக்கக் கலாச்சார அமைச்சர் மெலினா மெர்கூரி (அதற்கு முன் பிரபல நடிகை) யுனெஸ்கோ மாநாட்டில் எழுந்து திருப்பிக் கேட்டார். லண்டன் பக்கமிருந்து அடிக்கடி வந்த வாதம், உங்க ஊரில் வைக்க நல்ல இடம் எங்கே என்பது. 2009-ல் திறந்த இந்த மியூசியம்தான் அதற்குப் பதில். வடிவமைத்தவர் பெர்னார்ட் சூமி.

மேல்மாடிக் கூடம் பார்த்தினானின் அதே அளவில், அது நிற்கும் அதே திசைக்குத் திருப்பிக் கட்டப்பட்டது. கண்ணாடிச் சுவர் வழியே எதிரே கோயில் தெரியும். கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் ஊர்வலச் சிற்ப வரிசையும் இங்கே அதே வரிசையில் இருக்கிறது. தேன் நிறத்தில் இருப்பது நிஜப் பளிங்கு. வெள்ளை வெளேரென்று இருப்பது பிளாஸ்டர் நகல். அந்த வெள்ளையில் பெரும்பகுதியின் அசல் லண்டனில். கோட் எழுதும்போது நாம டம்மி டேட்டா போட்டு வைப்போமே, அதே வேலைதான். ஒரு போர்டு, ஒரு கோஷம் தேவையில்லை, நிறமே சொல்லிடுது. கீழ்த்தளத்தில் தூண்களாக நின்ற ஆறு பெண் சிலைகளில் ஐந்து நிற்கின்றன. லண்டனில் இருக்கும் ஆறாவதுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள்.

கிரேக்கர்கள் பக்கமும் சறுக்கல் உண்டு. கோயிலின் மேற்குப் பக்க வரிசையை 1993 வரை நகரத்தின் புகையிலேயே விட்டு வைத்தார்கள், நல்லாவே அரித்துவிட்டது. லண்டனும் லேசுப்பட்டதில்லை. 1930-களில் வெள்ளையாக்குகிறேன் பேர்வழி என்று செம்புக் கருவிகளால் சுரண்டினார்கள்.

ஆக, யார் நல்லா பாத்துக்கிட்டாங்க என்பதில் இந்த வழக்கு தீராது. என் கட்சி, ஒரே ஊர்வலத்தை ரெண்டு ஊரில் பிச்சு வைத்தால் அது ஊர்வலமே இல்லை. அந்தக் கூடத்தில் நடந்து பார்த்தால் இது புரியும். குதிரை பாதி இங்கே, ஆள் பாதி அங்கே.

2022-ல் இத்தாலியின் பலெர்மோ ஒரு துண்டை நிரந்தரமாகத் திருப்பித் தந்தது. 2023-ல் வத்திக்கான் மூன்று துண்டுகள். துண்டுகள் சின்னதுதான், ஆனா ஒவ்வொன்றும் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பிரிட்டிஷ் மியூசியமோ பொருட்களைக் கொடுக்க 1963 சட்டம் இடம் தராது என்கிறது. சட்டம் போட்டது பார்லிமெண்ட். 1816-ல் காசு கொடுத்ததும் அதேதான். மனசு வைத்தால் மாற்றவும் முடியும்தானே? நீங்க என்ன சொல்றீங்க?