ஞெலிகோல் முதல் எண் 1944 வரை: தீக்குச்சி சரக்கான வரலாறு

சங்க இலக்கியத்தில் தீக்கடைகோலுக்கு 'ஞெலிகோல்' என்று பெயர். புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஔவையார், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை வீட்டு இறப்பில் செருகி வைத்த ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். சும்மா இருக்கையில் அது வெறும் கழி. கடைந்தால் கனல். இருப்பதே தெரியாமல் இருந்து, வேண்டியபோது வெளிப்படும் ஆற்றல் என்பது உவமையின் கருத்து. அரசனுக்கு இது பெருமை. ஆனால் லாரியில் ஏற்றும் சரக்குக்கு இதே குணம் இருந்தால்? உள்ளே தீ உறங்குவது வெளியே தெரியாவிட்டால், அந்தப் பெட்டியைத் தலையில் தூக்குகிறவருக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கு உலகம் பல உயிர்களைப் பறிகொடுத்த பிறகு எழுதிய விடைதான் 'அபாயகரமான சரக்குகளின் வகைப்பாடு'. பெங்களூரில் சரக்கு அனுப்பும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நம் ஊர்த் தீப்பெட்டியை முன்வைத்து அந்த வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மருந்தை இரண்டாகப் பிரித்த கதை

1827ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், உரசினால் பற்றும் குச்சிகளை விற்கத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் குச்சியின் முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வந்து சேர்ந்தது. சுவரில் தேய்த்தாலும் பற்றும், செருப்பில் தேய்த்தாலும் பற்றும். வாங்கியவருக்கு வசதிதான். ஆனால் மூட்டைக்குள் குச்சியோடு குச்சி உரசினாலும் பற்றுமே! இது ஒருபுறம் இருக்க, அந்தப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடையெலும்பு அழுகியது. 1888இல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் தீப்பெட்டி ஆலைகளின் நிலையை ஊரறியச் செய்தது.

இதற்குத் தீர்வு சுவீடனில் பிறந்தது. 1844இல் குஸ்தாவ் எரிக் பாஷ் என்ற வேதியியலாளர், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுக்கு மாற்றினார். 1850களில் யோன்ஷாப்பிங் நகரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் சிவப்புப் பாஸ்பரஸைக் கொண்டு இதைப் பெருந்தொழிலாக்கினர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், வஜ்ஜிரம், கண்ணாடித்தூள்; பெட்டியின் பக்கத்தில் பாஸ்பரஸ். இரண்டும் சந்தித்தால்தான் தீ. ஆபத்தை ஒழிக்கவில்லை, பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான். பின்னாளில் வந்த சரக்கு விதிகள் அத்தனைக்கும் இந்தப் பிரித்து வைத்தலே அடிப்படை எனலாம்.

1906இல் பெர்ன் நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகள் சில வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றுவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே அந்த நஞ்சு நம் நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சிவகாசி: ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கிய வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண ஒளி தரும் மத்தாப்புத் தீக்குச்சி, அதைத் தொடர்ந்து பட்டாசு என்று தொழில் கிளைவிட்டது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் பட்டாசுக்கு உரிமம், கிடங்கு, இடைவெளி என்று தனி ஒழுங்கு ஏற்பட்டது. தீப்பெட்டியும் பட்டாசும் இப்படி ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு.

எப்படி என்று கேட்கலாம். 1992இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்த வெடிபொருளுக்கு அது தடை விதித்தது. ஏனென்றால் அந்தக் கலவை சிறு உராய்வுக்கே வெடிக்கக்கூடியது. ஆனால் தீக்குச்சித் தலை செய்வதற்கு அதே கலவைக்கு விலக்கு உண்டு. பட்டாசுக்குள் கூடாத மருந்து குச்சி முனையில் கூடும்! முதலில் கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பொருளில் என்ன மருந்து இருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. எவ்வளவு இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அடிபட்டால் என்ன செய்யும் என்பவற்றைப் பார்த்தே அது எந்த வகை என்று முடிவாகிறது.

எண்ணும் எழுத்தும்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்த அதே கப்பலில், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சில் புகைந்த தீ வெடிபொருளைத் தொட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எதோடு எதைச் சேர்த்து ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இந்தியக் கரையில் நடந்ததில்லை.

1956இல் ஐக்கிய நாடுகள் அவையின் நிபுணர் குழு, உலகம் முழுவதற்குமான பரிந்துரைகளை வெளியிட்டது. அட்டை நிறத்தால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்று தொழிலில் அழைக்கப்படுவது இதுவே. சரக்குகள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு சரக்குக்கும் நான்கு இலக்க எண் ஒன்று. பட்டாசு முதலாம் வகுப்பு, அதாவது வெடிபொருள். தீக்குச்சி 4.1, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். வாயு அடைத்த சிகரெட் லைட்டர் 2.1, தீப்பற்றும் வாயு, எண் 1057. அடுப்பு பற்றவைக்க மூன்றும் உதவலாம். ஆனால் கிடங்கில் தீ வந்தால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

தீக்குச்சியிலேயே நான்கு வகை உண்டு. பெட்டியின் பக்கத்தில் மட்டும் பற்றும் பாதுகாப்புத் தீக்குச்சி 1944. எங்கே உரசினாலும் பற்றுவது 1331. இதை விமானத்தில் ஏற்றவே கூடாது. மெழுகுத் தீக்குச்சி 1945. சுடரில்லாமல் கடும் வெப்பம் தரும் குச்சி 2254. பம்பாய் வெடித்த ஆண்டும் நம் தீப்பெட்டியின் எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் எனக்கு அந்த எண் மறப்பதே இல்லை.

பேரில் என்ன இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் கோவில்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கலாசிப்பாளையத்தில் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு புதுப் பொருள். மரத்தூளை மெழுகில் குழைத்து விரல் நீளத்துக்கு வார்த்து, நுனியில் தீக்குச்சி மருந்து தோய்த்திருந்தார். பெட்டியில் உரசினால் பற்றி, சில நிமிடம் நின்று எரியும். விறகடுப்புக்கும் முகாம் போடுகிறவர்களுக்கும் நல்ல சாமான். வெளிநாட்டிலும் கேட்கிறார்கள் என்றார்.

"அண்ணாச்சி, இத தீப்பெட்டின்னு போடவா, மெழுகுவத்தின்னு போடவா? எந்தப் பேருல போட்டா வாடக கொறையும்?"

"தம்பி, வாடகையப் பாத்துப் பேரு வைக்கக்கூடாது. சாமானப் பாத்துத்தான் வைக்கணும்" என்றேன்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மண்ணெண்ணெய் போன்ற தீப்பற்றும் திரவம் ஊறியிருந்தால் அது 2623, 'தீமூட்டி' என்ற தனி இனம். திரவம் இல்லை என்றார். மருந்துத் தலை இல்லாத வெறும் மரத்தூள் மெழுகு என்றால் எரிவேகச் சோதனை உண்டு. பொருளைத் தூளாக்கி 250 மில்லிமீட்டர் நீளத்துக்கு வரிசையாகக் கொட்டி ஒரு முனையில் பற்றவைப்பார்கள். 100 மில்லிமீட்டர் தூரத்தை 45 வினாடிக்குள் தீ கடந்தால் அது 4.1. மெல்ல எரிந்தால் அந்த வகையில் சேராது. ஆனால் இவர் பொருளில் தலை இருக்கிறதே! அப்படியானால் அது எங்கே உரசினால் பற்றுகிறது என்பதே முதல் கேள்வி. தரையில் உரசிப் பார்த்தோம், பற்றவில்லை. இருந்தாலும் என் தரையும் அவர் குச்சியும் சாட்சி ஆகமாட்டா. முறையான சோதனைக்கூடத்தின் அறிக்கை வாங்கிய பிறகே எண் போடலாம் என்று அனுப்பி வைத்தேன். செலவு கூடும் என்று முகம் சுண்டினாலும், அவர் சரி என்றே போனார்.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், ஆபத்தான சரக்கை எழுத்தில் அறிவிக்காமலும் கட்டின் மேல் தெளிவாகக் குறிக்காமலும் ஏற்றக்கூடாது என்கிறது. அதே ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், சரக்கின் தன்மையை லாரிக்காரருக்குச் சொல்லும் பொறுப்பை அனுப்புகிறவர் மேலேயே வைக்கின்றன. ஆனாலும் 'பொதுச் சரக்கு' என்று ஒரு வரி எழுதி எதையும் அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் முழுதும் போகவில்லை.

ஓசூர் சாலையில்

2023 அக்டோபர் 7 அன்று, பெங்களூரின் வாசலான அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. வண்டியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். இரண்டொரு நாளிலேயே இறந்தோர் எண்ணிக்கை 14 ஆயிற்று. சிகிச்சையில் இருந்தவர்களிலும் சிலர் பிறகு இறந்தனர். இறந்தவர்களில் பலர் தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து தீபாவளிச் செலவுக்குச் சம்பாதிக்க வந்த இளைஞர்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு. தருமபுரிதான் பழைய தகடூர், அதியமானின் ஊர்.

பட்டாசு பட்டாசு என்றே தெரிந்து இறக்கிய இடத்திலேயே இந்தக் கதி. உள்ளே இருப்பது இன்னதென்றே தெரியாமல் தூக்குகிறவர் நிலை என்ன? தீயணைப்பு வீரர் வந்தவுடன் பார்ப்பது பெட்டியின் மேல் ஒட்டிய அந்தச் சாய்சதுரச் சீட்டையும் நான்கு இலக்க எண்ணையும்தான். தண்ணீர் அடிக்கலாமா, தள்ளி நிற்க வேண்டுமா, எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் அதுவே சொல்கிறது. எழுத்தறியாத சுமைத்தொழிலாளிக்கும் புரிய வேண்டும் என்றுதான் அதில் சுடர் படம் போட்டிருக்கிறார்கள்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல்கள் இன்றும் இந்தச் சாலை வழியாகத்தான் வருகின்றன. கன்னடத்தில் 'பெங்கிப் பொட்டண' என்று அதைக் கேட்டு வாங்குகிறார்கள். அனுப்புகிறவரும் தமிழர், ஓட்டுகிறவரும் இறக்குகிறவரும் பெரும்பாலும் தமிழர். சங்கத்து அன்பர்களில் வணிகம் செய்வோர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் சரக்குச் சீட்டில் பெயர் எழுதும் இடத்தில் உண்மைப் பெயரை எழுதுங்கள். எண் உண்டென்றால் எண்ணையும் எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் படித்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் போகிறவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளையாகவே இருப்பார்.