சிவப்பு நாயின் இரண்டாம் பிறப்பு

துப்பாக்கிக்கு முன்னால் வலை இருந்தது. அயர்லாந்தின் சதுப்பு நிலங்களிலும் புதர் மண்டிய மலைச்சரிவுகளிலும் பறவை பிடிக்கப் போனவர்கள் நீளமான வலையோடு போனார்கள். கூடவே ஒரு நாய். அது காற்றை முகர்ந்தபடி குறுக்கும் நெடுக்கும் ஓடித் தேடும். கௌதாரி வாசம் பட்டதும் சட்டென்று நின்று, வயிறு புல்லில் படப் பதுங்கிவிடும். பறவைகளும் பயத்தில் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். நாயின் முதுகுக்கு மேலாகவே வலையை இழுத்துக்கொண்டுபோய்ப் பறவைக் கூட்டத்தின்மேல் போர்த்துவார்கள். செட்டர் நாய்கள் உருவானது இந்த வேலைக்காகத்தான். வலை போய்த் துப்பாக்கி வந்த பிறகும் அவற்றின் வேலை போகவில்லை. அன்றைய அயர்லாந்து செட்டர்களில் மிகப் பல வெள்ளையில் சிவப்புத் திட்டுகள் கொண்டவை. முழுச் சிவப்பாகவும் சில பிறந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த முழுச் சிவப்பின்மேல் பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஒரு மோகம் பிறந்தது. வெள்ளை கலந்த குட்டிகளுக்கு அன்றே கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது.

1862 வாக்கில் அல்ஸ்டர் பகுதியில் செசில் மூர் என்பவர் வீட்டில் ஒரு சிவப்புக் குட்டி பிறந்தது. பாமர்ஸ்டன் என்று பெயர் வைத்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் பிரதமரின் பெயர். குட்டி வளர வளர மூருக்கு முகம் சுருங்கியது. தலை அளவுக்கு மீறி நீண்டு, ஒடுங்கி, நளினமாக இருந்தது. மலையேறி நாள் முழுக்க உழைக்கிற நாய்க்கு இப்படி ஒரு தலையா? வேட்டைக்கு ஆகாது என்று முடிவுகட்டினார். நாயைக் கொண்டுபோய்த் தண்ணீரில் அமுக்கிவிட்டு வா என்று வேலையாளிடம் சொல்லி அனுப்பினார்.

வழியில் ஹில்லியர்ட் என்ற நண்பர் எதிரே வந்தார் என்பது செட்டர்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அவர் நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேட்டைக்கு இறக்க மாட்டேன், கண்காட்சியில் மட்டும் நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தாராம். நாய்க் கண்காட்சி என்பதே அப்போது புத்தம் புதிய பொழுதுபோக்கு. பாமர்ஸ்டன் மேடை ஏறியது, பரிசுகளைக் குவித்தது. ஊர் ஊராக அதன் குட்டிகளுக்கு ஆட்கள் அலைந்தார்கள். வேட்டைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட அதே தலை அழகுக்கு இலக்கணமாகிவிட்டது. அதன் நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று இருந்தது. 1882-இல் டப்ளினில் சிவப்பு செட்டர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்து, 1886-இல் இனத்தின் லட்சணங்களை எழுதி வைத்தபோது, உடம்பெல்லாம் சிவப்புதான் வேண்டும் என்றார்கள். நெற்றிக் கீற்று போன்ற சிறு வெள்ளைக் குறிகளை மட்டும் மன்னித்தார்கள். இதற்குள் சிவப்பு நாய்கள் கப்பலேறி அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டிருந்தன.

1875-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து சார்லஸ் டர்னர் இறக்குமதி செய்த எல்கோ என்ற ஆண்நாய் அமெரிக்காவைக் கலக்கியது. கண்காட்சியிலும் ஜெயித்தது, குட்டிகளையும் வாரி வழங்கியது. அமெரிக்காவில் அப்போது வேட்டை நாய்ப் போட்டிகள் சூடுபிடித்துக்கொண்டிருந்தன. அங்கே கொடிகட்டிப் பறந்தவை இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளை செட்டர்கள். அவற்றில் கிளாட்ஸ்டன் என்ற நாய் ஒரு நட்சத்திரம். 1879-இல் அதோடு மோத டென்னசியைச் சேர்ந்த காம்ப்பெல் சகோதரர்கள் ஜோ ஜூனியர் என்ற நாயைக் கொண்டுவந்தார்கள். அப்பன் எல்கோ, தாய் உள்ளூர் வேட்டை நாய். தூய வம்சம் பேசியவர்களுக்கு அது வெறும் கலப்படம். இரண்டு நாள் காடைக் காட்டில் இரண்டும் ஓடின. முடிவில் ஜோ ஜூனியருக்கு 61 புள்ளி, கிளாட்ஸ்டனுக்கு 52. அயர்லாந்து ரத்தமும் வேலைக்கார ரத்தமும் கலந்தால் என்ன நடக்கும் என்று அந்தப் புல்வெளி அப்போதே சொல்லிவிட்டது. சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிவப்பு நாயின் அழகே அதற்குச் சத்துருவானது. பளபளக்கும் செம்மரக் கட்டையின் நிறம், காற்றில் அலையும் நீண்ட ரோமம், நிமிர்ந்த நடை. கண்காட்சிக்காரர்கள் அவற்றுக்காகவே இணை சேர்த்தார்கள். உயரம் கூடியது, எடை கூடியது, ரோமம் தரையைத் தொட்டது. மோப்பமும் வேகமும் எந்த மதிப்பெண் பட்டியலிலும் இல்லை. எதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லையோ அது தலைமுறை போகப் போக நழுவிப்போகும். வளர்ப்பின் விதி அவ்வளவு கொடியது. 1874-இலிருந்து 1948 வரை அமெரிக்காவில் ஐரிஷ் செட்டர்கள் வென்ற கண்காட்சிச் சாம்பியன் பட்டங்கள் 760. அதே காலத்தில் வேட்டைத் திடலில் சாம்பியன் ஆனவை ஐந்து. ஐந்தே ஐந்து!

அயர்லாந்திலோ வெள்ளை கலந்த பழைய செட்டர் கண்ணை விட்டே மறைந்துகொண்டிருந்தது. அதைக் கட்டிக்காத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பாதிரியார். டவுன் மாவட்டத்து நோபிள் ஹஸ்டன், முதல் உலகப் போருக்குப் பிறகு எஞ்சிக் கிடந்த சிவப்பு-வெள்ளை நாய்களைத் தேடிப் பிடித்தார். சபை மக்களின் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் ஏட்டிலேயே நாய்க்குட்டிகளின் பிறப்பையும் எழுதிவைத்தார் என்கிறார்கள். அவரிடமிருந்து போன நோஞ்சான் பெண்குட்டி ஒன்றை 1940 வாக்கில் மொரீன் கடி என்ற பெண்மணி இராப்பகலாகப் பார்த்துப் பிழைக்க வைத்தார். ஜூடி என்ற அந்தக் குட்டியின் சந்ததிதான் இன்றுள்ள சிவப்பு-வெள்ளை செட்டர்கள். ஒரு சீக்குக் குட்டியின் உயிரில் ஓர் இனமே ஊசலாடியது. கடலுக்கு அந்தப் பக்கம் சிவப்பு நாய்க்கு அப்படி யார் இருந்தார்கள்?

1940களில் ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ இதழ், வேட்டைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மையை அச்சில் போட்டு உடைத்தது: ஐரிஷ் செட்டர் வேட்டைத் திடலிலிருந்து அழிந்துகொண்டிருக்கிறது, வெளி ரத்தம் கலக்காமல் மீட்சி இல்லை. ‘ஸ்போர்ட்ஸ் அஃபீல்டு’ இதழும் அதையே சொன்னது. தூய இனம் என்பதே குலப்பெருமையாக இருந்த உலகத்தில் இது குண்டு போட்டதுபோல் விழுந்தது. பேசினார்கள், ஏசினார்கள். பென்சில்வேனியாக்காரர் ஒருவர் மட்டும் பணப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் நெட் லெகிராண்டு. அமெரிக்காவில் உண்மையாகவே வேலை தெரிந்த சிவப்பு செட்டர்கள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றனவோ அங்கெல்லாம் தேடிப்போய் வாங்கினார். வெளிநாட்டிலிருந்தும் தருவித்தார். ஒரு சிறு சொத்தே கரைந்தது. ஆஸ்க்யூஸ் கரோலினா லேடி என்ற பெண்நாய் இந்த வேட்டையில் அவருக்குக் கிடைத்த புதையல். ஆனாலும் கையில் சேர்ந்தவை கொஞ்சம்தான். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தே காலம் தள்ளினால் நெருங்கிய ரத்தத்தின் நோவுகள் எல்லாம் தலைதூக்கும். அவர் ‘ஃபீல்டு டாக் ஸ்டட் புக்’ என்ற வேட்டை நாய்ப் பதிவேட்டுக்காரர்களிடம் போய் வெளிப்படையாக அனுமதி கேட்டார். அவர்கள் மறுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சம்மதித்தார்கள். லெகிராண்டு தன் சிவப்புப் பெண்நாய்களுக்கு, திடலில் சாம்பியன் பட்டம் வாங்கிய ஆங்கில செட்டர்களைச் சேர்த்தார். அவையும் செம்மை கலந்த வெள்ளை நாய்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. பிறந்த குட்டிகளில் திறமை உள்ளதை மறுபடி சிவப்போடு சேர்ப்பது, அதில் தேறியதை மறுபடி சிவப்போடு. ஒவ்வொரு ஈற்றிலும் ஆங்கிலப் பங்கு பாதியாகக் குறையும்: பாதி, கால், அரைக்கால். காகிதத்தில் எளிய கணக்குதான். ஒவ்வொரு படியிலும் வெள்ளை நாயின் ஓட்டத்தையும் மூக்கையும் கைநழுவ விடாமல், நிறத்தை மட்டும் கழித்துக்கொண்டு வருவதில்தான் வளர்ப்பவனின் உயிர் போகும். அழகான குட்டியைப் பார்த்து மனம் இளகினால் எல்லாம் பாழ். இந்தக் கண்டிப்பைத் தனி ஒருவரின் மனத்திடத்துக்கு விட முடியாது என்பதால் 1950களின் தொடக்கத்தில் நேஷனல் ரெட் செட்டர் ஃபீல்டு டிரையல் கிளப் உருவானது. நாயைத் திடலில் இறக்கு, ஓட விடு, தேறினால் மட்டும் குட்டி எடு என்பது அதன் கொள்கை. தேர்வு எழுத வேண்டிய நாள் வந்தது.

வேட்டைத் திடலில் நாய்கள் ஜோடி ஜோடியாக இறக்கப்படும். நடுவர்கள் குதிரையில் பின்தொடர்வார்கள். முழு வீச்சில் ஓடும் நாய் காற்றில் ஓர் இழை வாசனை பட்டதும் பாதி எட்டில் உறைந்து நிற்கும். ஒரு முன்னங்கால் தரைக்கு மேலேயே மடிந்திருக்கும். விலா மட்டும் ஏறி இறங்கும். மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கும். வால் வானத்தைப் பார்த்து நட்டுக்கொண்டிருக்கும். நாய்க்காரர் முன்னால் நடந்து புதரைக் காலால் தட்டுவார். காடைகள் படபடவென்று முகத்துக்கு நேரே கிளம்பும்; வெற்றுத் தோட்டா வெடிக்கும். அப்போதும் நாய் அசையக் கூடாது. ஓர் அடி எடுத்து வைத்தாலும் அன்றைய உழைப்பு வீண். நூறு வருடமாக மேடையில் சீவி முடித்து நின்ற குலத்தின் பிள்ளைகள் இந்தத் திடலில் அசையாமல் நின்றன. வெள்ளை செட்டர்களோடும் பாயின்டர்களோடும் மோதிப் பரிசும் வாங்கின.

இன்று அமெரிக்காவின் புல்வெளிகளில் குதிரைகளுக்கு வெகுதூரம் முன்னால் பாய்ந்து ஓடும் ரெட் செட்டர் பிறந்தது இப்படித்தான். கண்காட்சி ஐரிஷ் செட்டரில் ஆண்நாய் 27 அங்குல உயரமும் 70 பவுண்டு எடையுமாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இலக்கணம். இது அதைவிடச் சின்னது, ஒல்லி. முள்ளில் சிக்காத குட்டை ரோமம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்று நம்பவே தோன்றாது. பார்ப்பவர்கள் இதுதான் கலப்பில்லாத பழைய அயர்லாந்து நாய் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அப்படிச் சொல்ல வைத்ததே கலப்புதான்.

வெற்றியோடு பகையும் வளர்ந்தது. 1962-இல் சிவப்பு செட்டரைப் பற்றிய டிஸ்னியின் ‘பிக் ரெட்’ படம் வந்தது. 1969-இல் ஜனாதிபதி நிக்சனுக்கு கிங் டிமஹோ என்ற ஐரிஷ் செட்டர் பரிசாக வந்து வெள்ளை மாளிகையில் உலாவியது. நாடே சிவப்பு நாய் கேட்டது. சந்தை ஏறியபோது தூய்மைக்கும் விலை ஏறியது. அதுவரை நாய் இனங்களைப் பதியும் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் ஸ்டட் புக்கும் ஒன்றின் பதிவை மற்றொன்று ஏற்று வந்தன. 1975-இல் ஐரிஷ் செட்டர் கிளப் ஆஃப் அமெரிக்கா இந்த ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தது. கென்னல் கிளப் கதவைச் சாத்தியது. லெகிராண்டு எதையும் மறைத்துச் செய்யவில்லை. அனுமதி கேட்டு, ஏட்டில் எழுதி, எல்லாரும் பார்க்கத் திடலில் ஓடவிட்டுச் செய்தார். அப்படி வந்த நாய்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது அநியாயம். அதற்குள் வாசல் வழியே போய்விட்ட ரத்தத்தை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அயர்லாந்தில் 1970களில் ஐரிஷ் கென்னல் கிளப் ஒரு குழு அமைத்து, சிவப்பு-வெள்ளை செட்டரைத் திட்டமிட்டுப் பெருக்கியது. ஆனால் வேர் ஒரு நோஞ்சான் குட்டி. ரத்தம் குறுகிக் குறுகி, வேர் முதலிலேயே வலுவிழந்திருந்தது தெரிய ஆரம்பித்தது. கடைசியில் 2000களில் கென்னல் கிளப்பே முன்வந்து, வேட்டைத் திடலில் தேறிய சிவப்பு செட்டர்களைச் சிவப்பு-வெள்ளையோடு சேர்க்க அனுமதித்தது. அமெரிக்காவில் லெகிராண்டு வாங்கிக்கட்டிக்கொண்ட அதே காரியம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிரித்து வைத்திருந்த இரண்டு நிறங்களும் அயர்லாந்தின் சொந்தப் பதிவேட்டில் முறைப்படி மறுபடி கலந்தன.