விழாவிட்டால் யாருக்கு?

அரசே முன்னின்று நடத்தும் சூது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. 1569ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், தூய பவுல் பேராலயத்தின் வாயிலில், முதலாம் எலிசபெத் அரசியின் ஆணைப்படி இரவும் பகலும் குலுக்கல் நடந்தது. துறைமுகங்களைச் செப்பனிடப் பணம் வேண்டும். வரி போட்டால் மக்கள் முணுமுணுப்பர். ஆகவே ஆசையைக் காட்டி அழைத்தனர். சீட்டின் விலை பத்து சில்லிங். சீட்டு வாங்க வருவோரைச் சிறு குற்றங்களுக்காகக் கைது செய்வதில்லை என்ற சலுகை வேறு! பண்டம் விற்க நீதியை இனாமாகக் கொடுத்த விந்தையை என்னென்பது!

அந்த வித்தையை வெள்ளையர் இங்கும் கொணர்ந்தனர். 1817இல் கல்கத்தாவில் லாட்டரிக் குழு ஒன்றை அமைத்து, சீட்டு விற்ற பணத்தில் தெருக்கள் அமைத்தனர். விடுதலைக்குப் பின் எழுதிய அரசியல் சட்டமோ, அரசு நடத்தும் லாட்டரியை மத்தியப் பட்டியலில் 40ஆம் இனமாகவே வைத்தது. தனியார் நடத்தினால் குற்றம். அரசு நடத்தினால் திட்டம்! 1967இல் கேரளம் தன் சீட்டைத் தொடங்கியது. ஒரு ரூபாய்ச் சீட்டு. முதற் பரிசு ஐம்பதாயிரம்.

அடுத்த ஆண்டே, 1968இல், நம் மாநிலம்.

இங்கே நம் பேனா சற்றுத் தயங்குகிறது. தொடங்கி வைத்தவர் அறிஞர் அண்ணா. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற அழகிய முழக்கமும் அவருடையதே. ரூபாய்க்குப் படியரிசி தர முனைந்த அரசுக்குப் பணமுடை இருந்தது, அறிவோம். ஆனால் அதே அண்ணாதான், மதுவால் வரும் வருவாய் வேண்டாவென்று மதுவிலக்கைக் கைவிடாது காத்தவர். குடியின் காசைத் தீண்டாத கை, சீட்டின் காசை ஏன் ஏற்றது? கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த தலைவரிடம் கேள்வி கேட்பது பிழையாகுமா? நாட்டுக்குப் போகும் பணம் எவர் வீட்டிலிருந்து போகிறது என்பதை அந்த முழக்கம் சொல்லவில்லை. மாளிகைவாசி வரிசையில் நின்று சீட்டு வாங்கியதில்லை. மூட்டை தூக்கியவரும் ரிக்சா இழுத்தவரும்தாம் வாங்கினர்.

1975இல் கலைஞர் ஆட்சி அதனை மூடிற்று, 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மீண்டும் திறந்தது. பிறகு வந்தது வெள்ளம்! வெளி மாநிலச் சீட்டுகள் தேநீர்க்கடைதோறும் தொங்கின. கடைசி எண் ஒன்று ஒத்தாலே பரிசு தரும் ஒற்றை எண் லாட்டரி, அன்றாடக் கூலியை அன்றாடமே விழுங்கியது. காலையில் கண்ட கனவில் எண் தேடியோரும், சோதிடரிடம் இராசி எண் கேட்டோரும் எத்தனை பேர்! மூடநம்பிக்கைக்கு அரசே முத்திரை குத்திக் கொடுத்தது.

1998இல் மத்திய அரசு சட்டம் செய்தது. ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. 1999இல் உச்ச நீதிமன்றம், அரசு நடத்தினும் லாட்டரி சூதாட்டமே என்றது. தன் சீட்டை விற்கும் மாநிலம் பிறர் சீட்டைத் தடுக்க இயலாது என்றும் கூறியது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி எல்லாச் சீட்டையும் தடை செய்தது.

இதற்குள் சூதுக்கு மின்சாரச் சிறகு முளைத்துவிட்டது. ஆன்லைன் லாட்டரியில் அச்சிட்ட சீட்டுக்கட்டு இல்லை. கடையிலுள்ள கருவி தலைமைக் கணினியோடு இணைந்திருக்கும். வாங்குவோர் எண்ணைச் சொல்ல, கணினி பதிவு செய்ய, கருவி சீட்டை அச்சிட்டுத் தரும். தானே எண்ணைத் தேர்ந்ததால் விதி தன் கையில் என்றொரு மயக்கம்! 49 எண்களில் ஆறைத் தேரும் ஆட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சேர்க்கைகள் 1,39,83,816; வெல்வது ஒன்று. வாரம் ஒரு சீட்டு வாங்குபவர் சராசரியாக இரண்டு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு விதிகளோ, எல்லாத் திட்டங்களையும் சேர்த்து நாளொன்றுக்கு 24 குலுக்கல் வரை இடமளித்தன. வாரம் ஒன்று எங்கே, மணிக்கொன்று எங்கே!

சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். அவர் மொழி வழங்கும் மண்ணில் இன்று அரசுச் சீட்டு இல்லை. ஆயினும் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு சென்றால், கேரளத்துச் சீட்டு வாங்கக் கையில் காசோடு நிற்பவர் பேசுவது தமிழ்.