வாழ்நாள் நலக் கல்வி: இளநிலை வகுப்பில் அதன் இடமும் வடிவமும்

தமிழகக் கல்லூரிகளில் மனித வளர்ச்சியும் அதனோடு இணைந்த உடல்நலமும் நெடுங்காலமாக மனையியல் துறையின் பாடமாக இருந்து வருகின்றன. கருவளர்ச்சி, குழந்தைப் பருவம், குமரப் பருவம், நடுவயது, முதுமை எனப் பருவத்துக்கு ஓர் அலகாகப் பிரித்துப் பாடம் நடத்துவது அத்துறையின் மரபு. எலிசபெத் ஹர்லாக் எழுதிய வளர்ச்சி உளவியல் நூல் இதற்குப் பலகாலம் துணைநின்றது. மனையியல் பெரும்பாலும் மகளிர் கல்லூரிகளில் உள்ள துறை என்பதால், இந்த அறிவு ஆண் மாணவர்களை எட்டுவது அரிது.

மறுபுறம், பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், உடல்நலமும் நல்வாழ்வும் என்பதை எல்லாத் துறையினருக்குமான மதிப்புக்கூட்டுப் பாடங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் யோகா, விளையாட்டு, உடற்தகுதி ஆகியவற்றோடு அதை ஒரே தொகுப்பில் வைத்தது. அந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. எனினும், இத்தகைய பாடம் தேவையா என்ற கேள்வி எந்தக் கொள்கையையும் சார்ந்ததன்று.

தேவை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் மேற்சொன்ன இரு வடிவங்களும் போதா. முதலாவது வாழ்நாளைத் துண்டு துண்டாக்குகிறது. இரண்டாவது நலத்தை உடற்பயிற்சிக்குள் சுருக்குகிறது. மாணவர் நிற்கும் வயதை மையமாகக் கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பருவங்களை இணைத்துக் காட்டும் பாடமே இளநிலை வகுப்புக்கு உரியது.

பருவங்களின் தொடர்ச்சி

ஒரு பருவத்தின் நலம் இன்னொரு பருவத்தில் வேர்கொண்டிருப்பதை மருத்துவ ஆய்வு கடந்த நாற்பது ஆண்டுகளில் நிறுவியுள்ளது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆண்களின் பதிவேடுகளை டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். பிறப்பிலும் முதலாம் ஆண்டு நிறைவிலும் எடை குறைந்திருந்தோர் பிற்காலத்தில் இதயநோயால் இறப்பது மிகுதி என்று 1989-இல் அவர்கள் வெளியிட்டனர். மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பேணப்பட்ட பிறப்புப் பதிவுகளும் குறைந்த பிறப்பு எடைக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டின. புனேயில் சி.எஸ். யாக்னிக் நடத்திய ஆய்வு, எடை குறைந்து மெலிந்து பிறக்கும் இந்தியக் குழந்தையின் உடலில் கொழுப்பின் பங்கு ஒப்பீட்டளவில் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தது; பிற்கால நீரிழிவுக்கு வழிவகுக்கக்கூடிய இயல்பு இது.

தாயின் ஊட்டத்தின் தாக்கம் பிறப்பு எடை வழியே பிள்ளையின் நடுவயது வரை தொடர்கிறது என்றால், கருவளர்ச்சியை முதல் அலகிலும் நீரிழிவைக் கடைசி அலகிலும் தனித்தனியே படிப்பவர் இரண்டையும் இணைக்கும் காரணத்தைத் தவறவிடுகிறார். தேர்வில் இரண்டுக்கும் அவர் விடை எழுதிவிடலாம். தம் வாழ்க்கைக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை.

கல்லூரி வயதின் தனித்தன்மை

எலும்பின் அடர்த்தி இருபதுகளின் இறுதிக்குள் உச்சத்தை எட்டிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்ணின் எலும்பு எவ்வளவு தாங்கும் என்பது பெருமளவு அதற்குள் சேர்ந்த அடர்த்தியைப் பொறுத்தது. கருவின் நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதற்கு முன்பே அது நடந்துவிடுவதால், அது சரியாக மூடத் தேவையான ஃபோலிக் அமிலம் பற்றிய அறிவு மகப்பேறு மருத்துவமனையில் கிடைக்கும்போது காலம் கடந்திருக்கும். வாழ்நாளில் தோன்றும் மனநலக் கோளாறுகளில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வொன்று 2005-இல் காட்டியது.

தமிழகத்தின் நிலை இந்த அறிவை அவசரமாக்குகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), இம்மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, 40.4 விழுக்காட்டினருக்கு மிகை எடை அல்லது உடற்பருமன். ஆண்களிலும் 37 விழுக்காட்டினர் மிகை எடை கொண்டோர். சத்துக்குறைவும் மிகை எடையும் ஒரே சமூகத்தில், பல வீடுகளில் ஒரே உடலிலும் சேர்ந்திருக்கின்றன. கூடவே, மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-இல் தமிழக மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள்; கேரளத்துக்கு அடுத்த நிலை இது. இன்றைய மாணவர் தம் பெற்றோரின் முதுமையையும் தம் பிள்ளைகளின் குழந்தைமையையும் ஒரே காலத்தில் தாங்கப்போகிறவர். இப்பொறுப்பு ஆண்களுக்கும் உரியது. பெண்களுக்கு மட்டும் இதைக் கற்பிப்பது, பராமரிப்பை என்றைக்கும் அவர்கள் தலையிலேயே கட்டிவைப்பதாகும்.

இரண்டு மறுப்புகள்

கட்டாயப் பாடம் சடங்காகிவிடும் என்பது முதல் மறுப்பு. அதற்கு முன்னுதாரணமும் உண்டு. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. மானியக் குழு அதற்கொரு பொதுப் பாடத்திட்டமும் வகுத்தது. பல கல்லூரிகளில் அது பணிநேரம் குறைவாக உள்ள ஆசிரியரின் தலையில் விழுந்து, குறிப்பேட்டை மனப்பாடம் செய்து எழுதும் தாளாகச் சுருங்கியது. இந்த அனுபவம் பாடத்தைக் கைவிடச் சொல்லவில்லை. உரிய ஆசிரியரும் களப்பணியும் இல்லாமல் தொடங்காதே என்றே எச்சரிக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: நலத்தைத் தனிமனிதரின் பொறுப்பாக்கினால், வறுமையும் சூழலும் மறைந்துபோகும். இது நியாயமான அச்சம். 1986-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட ஒட்டாவா சாசனமே வருமானம், இருப்பிடம், கல்வி, உணவு ஆகியவற்றை நலத்தின் முன்நிபந்தனைகளாகக் கூறியது. விடுதிச் சாப்பாட்டில் கீரையும் பருப்பும் இல்லாதபோது இரும்புச்சத்தைப் பற்றி வகுப்பெடுப்பதில் பயனில்லை. ஆகவே மாணவர் தம் கல்லூரியின் விடுதி உணவுப் பட்டியல், குடிநீர், கழிப்பறை, கேன்டீன் ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை தருவதும், அதன்மேல் நிர்வாகம் எழுத்தில் பதில் தருவதும் பாடத்தின் பகுதியாக வேண்டும்.

பாடத்தின் வடிவம்

ஒரு செமஸ்டரில் மூன்று கிரெடிட் இப்பாடத்துக்குப் போதும். மனையியல், உளவியல், சமூகப்பணி ஆசிரியர்கள் கூட்டாகப் பொறுப்பேற்க, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அவர்களோடு இணையலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து தர வீடுகளுக்குச் செல்கிறார்கள். நோயாளியின் இசைவோடு அவர்களுடன் சென்று வருவதைவிட நல்ல களப்பணி மாணவருக்கு வாய்க்காது. மதிப்பீட்டில் பாதியேனும் களப்பணிக்கு உரியதாக இருக்க வேண்டும். மாணவரின் சொந்த எடையோ மருத்துவ விவரமோ எக்காரணம் கொண்டும் மதிப்பெண்ணுக்கு அளவுகோல் ஆகக்கூடாது.

இதற்கான அறிவு பெற்ற ஆசிரியர்கள் தமிழகக் கல்லூரிகளில் ஏற்கெனவே உள்ளனர். அவர்கள் தத்தம் துறையின் சுவருக்குள் அடைபட்டிருப்பதே குறை. பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் மனையியல் துறையை முன்னிறுத்தி, வாழ்நாள் நலக் கல்வியை இருபால் மாணவருக்கும் பொதுப்பாடமாக்க வேண்டும்.