பழம்பதிப்புக்குத் திரும்பும் உரிமை: விஸ்டா முதல் இன்று வரை

சென்ற மாதம் எங்கள் துறையின் ஒலியியல் ஆய்வகத்துக்குப் புதிய மடிக்கணினி ஒன்று வந்தது. பேசும்போது வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் வெளிவரும் காற்றை அளக்கும் பழைய கருவி ஒன்று அங்கே இருக்கிறது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் அதற்குரிய இயக்கி மென்பொருள் விண்டோஸ் 7-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. "புதிய கணினியில் பழைய விண்டோஸை நிறுவிவிடலாமே?" என்று முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டார். 2007-இல் இத்தகைய கேள்விக்குப் பெரும்பாலும் ‘முடியும்’ என்று விடை சொல்லியிருக்கலாம். இன்று ஏறத்தாழ ‘முடியாது’ என்பதே விடை. இந்த இடைக்காலத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை எழுதி வைப்பது பயனுடையது என்று தோன்றியது.

முதலில் சொல்லைப் பற்றி. ‘டவுன்கிரேடு’ என்பதைத் தமிழில் ‘தரமிறக்கம்’ என்று வழங்குகிறோம். பதிப்பெண் குறைந்தால் தரமும் குறைந்துவிடும் என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. மொழி மாற்றத்தை ‘வளர்ச்சி’ என்றோ ‘சிதைவு’ என்றோ மதிப்பிடும் போக்கை மொழியியல் கைவிட்டு நெடுங்காலமாகிறது. மென்பொருள் வரலாற்றுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். எனவே இங்கே ‘பழம்பதிப்புக்குத் திரும்புதல்’ என்றே குறிப்பிடுகிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியானது. அதற்கு அடுத்த பதிப்பான விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரி 30 அன்றுதான். ஐந்தாண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த இடைவெளியில் எக்ஸ்பி அலுவலகம், பல்கலைக்கழகம், வங்கி என எங்கும் வேரூன்றிவிட்டது. எக்ஸ்பிக்குக் குறைந்த அளவாக 64 எம்பி நினைவகம் போதும் என்று கூறப்பட்டிருந்தது. விஸ்டாவின் முழு வசதிகளையும் பெறவோ 1 ஜிபி நினைவகமும் வன்தட்டில் 15 ஜிபி வெற்றிடமும் வேண்டியிருந்தன. சாதன இயக்கிகளின் கட்டமைப்பும் மாறியதால் அச்சுப்பொறி, வருடி, ஒலி அட்டை எனப் பல சாதனங்கள் தொடக்கத்தில் ஒத்துழைக்கவில்லை. புதிய மடிக்கணினி வாங்கியவர் அதில் பழைய எக்ஸ்பியைத் தேடும் விந்தையான நிலை உருவாயிற்று. வாடிக்கையாளரின் வற்புறுத்தலால் டெல் நிறுவனம் 2007 ஏப்ரலிலேயே சில வகைக் கணினிகளில் எக்ஸ்பியை மீண்டும் ஒரு தெரிவாக வழங்கத் தொடங்கியது.

அப்போது பலரது கவனத்துக்கு வந்ததுதான் உரிம ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றிருந்த ‘பழம்பதிப்புக்குத் திரும்பும் உரிமை’. அதன்படி விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் ஆகிய பதிப்புகளோடு கணினி வாங்கியவர், மறுமுறை உரிமம் வாங்காமலே எக்ஸ்பி புரொபஷனலை நிறுவிக்கொள்ளலாம். ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் பதிப்புகளுக்கு அந்த உரிமை கிடையாது. அதாவது, பின்னோக்கிச் செல்லும் வசதி கூடுதல் விலை கொடுத்தவர்க்கே உரியதாக இருந்தது. எக்ஸ்பியின் நிறுவல் வட்டை உரிமையாளரே தேடிக்கொள்ள வேண்டும், அல்லது கணினி தயாரித்த நிறுவனம் தர வேண்டும். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குத் தொடுத்தார். புதிய மடிக்கணினியில் விஸ்டாவுக்குப் பதிலாக எக்ஸ்பி பெறத் தாம் 59.25 டாலர் கூடுதலாகச் செலுத்த நேர்ந்தது என்பது அவரது முறையீடு. அந்த உரிமைக்கெனத் தான் தனிக் கட்டணம் எதுவும் பெறுவதில்லை என்று மைக்ரோசாப்ட் விளக்கம் கூறியது. வாங்கிய பொருளில் பழையதைப் பயன்படுத்துவதற்கும் விலை உண்டா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

உரிமை இருந்தாலும் நிறுவுதல் எளிதாக இருக்கவில்லை. அக்கால மடிக்கணினிகளின் வன்தட்டுகள் சாட்டா இணைப்பில் ஏஎச்சிஐ முறையில் இயங்கின. எக்ஸ்பியின் நிறுவல் வட்டில் அதற்கான இயக்கி இல்லை. எனவே நிறுவத் தொடங்கியதும் நீலத்திரை தோன்றிப் பணி நின்றுவிடும். பயாஸ் அமைப்பில் சென்று வன்தட்டைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுவது ஒரு வழி. தேவையான இயக்கியை முன்னதாகவே நிறுவல் வட்டில் இணைத்துப் புதிய வட்டு எழுதுவது மற்றொரு வழி. எத்தனையோ மாணவர் விடுதிகளில் இக்கலையில் தேர்ந்த ஒருவராவது இருந்தார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: தடை இருந்தது, ஆனால் அது பயனர் தம் முயற்சியால் கடக்கக்கூடிய தடை.

எக்ஸ்பியின் விற்பனையை 2008 ஜனவரியோடு நிறுத்துவதாக இருந்த திட்டம் முதலில் ஜூன் 30-க்குத் தள்ளிப்போனது. இன்ஃபோவேர்ல்டு இதழ் முன்னெடுத்த ‘எக்ஸ்பியைக் காப்போம்’ என்ற மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். மனுவினும் வலிமையானதாகச் சந்தை அமைந்தது. 2007 இறுதியில் அசுஸ் நிறுவனத்தின் ‘ஈ பிசி’ என்னும் சிறு மடிக்கணினி லினக்ஸோடு வெளிவந்தது. 512 எம்பி நினைவகமும் 4 ஜிபி சேமிப்பகமும் கொண்ட அத்தகைய கணினியில் விஸ்டாவுக்கு இடமே இல்லை. அச்சந்தையை லினக்ஸுக்கு விட்டுவிட விரும்பாத மைக்ரோசாப்ட், மலிவுவிலைக் கணினிகளுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோமைத் தொடர்ந்து வழங்க முன்வந்தது. பழம்பதிப்பு உயிர் பிழைத்ததற்குப் பயனரின் குரலைவிடப் போட்டியே பெருங்காரணம் என்று கருத இடமுண்டு.

2009 அக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 வந்தபோது இப்பூசல் தணிந்தது. அதன் புரொபஷனல் பதிப்பில், மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பியை இயக்கும் ‘எக்ஸ்பி மோட்’ என்ற வசதியும் கிடைத்தது. புதியதையும் பழையதையும் ஒரே இயந்திரத்தில் வாழவைத்த நல்லதொரு சமரசம் அது.

அடுத்த மாற்றம் ஒப்பந்தத்தில் நிகழவில்லை, வன்பொருளில் நிகழ்ந்தது. 2012-இல் விண்டோஸ் 8 சான்றிதழ் பெறும் கணினிகளில் ‘செக்யூர் பூட்’ இயக்கப்பட்ட நிலையில் இருத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. கையொப்பமிடப்படாத எதையும் கணினி தொடங்கும்போதே அது தடுக்கும். இன்டெல் வகைக் கணினிகளில் பயனர் அதை அணைக்க முடிந்தது, ஆர்ம் வகைக் கணினிகளில் முடியவில்லை. 2015-இல் வந்த ஸ்கைலேக் செயலிகளோடு யுஎஸ்பி கட்டமைப்பும் மாறிற்று. விண்டோஸ் 7-இன் நிறுவல் வட்டில் அதற்குரிய இயக்கி இல்லாமையால், நிறுவும்போது விசைப்பலகையும் சுட்டியும் செயலற்றுப் போயின. 2016 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஒரு கொள்கையை அறிவித்தது: இனிவரும் புதுத்தலைமுறைச் செயலிகளுக்கு அப்போதைய அண்மைப் பதிப்பில் மட்டுமே ஆதரவு உண்டு. அதன் விளைவு 2017 ஏப்ரலில் வெளிப்பட்டது. புதிய செயலிகளில் விண்டோஸ் 7 அல்லது 8.1 நிறுவியிருந்தவர்களுக்கு, ‘ஆதரிக்கப்படாத வன்பொருள்’ என்ற செய்தியோடு புதுப்பிப்புகள் மறுக்கப்பட்டன.

இக்கட்டுப்பாட்டுக்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம் பாதுகாப்பு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அடுத்த மாதமே, 2017 மே 12 அன்று, வானாக்ரை என்னும் பிணைப்பண நிரல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல முடங்கின. நம் நாட்டிலும் பழம்பதிப்புகள் சிக்கலாகவே இருந்தன. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்தும், ஆதரவற்ற இயங்குதளங்களை ஏடிஎம்களிலிருந்து 2019 ஜூனுக்குள் படிப்படியாக அகற்றுமாறு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்குக் கெடு விதிக்க நேர்ந்தது.

ஆயினும் வானாக்ரை கற்பிப்பது வேறொரு பாடமும் ஆகும். பாதிப்புற்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை அப்போதும் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. அவற்றுக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தும், அவை புதுப்பிக்கப்படவில்லை. மறுபுறம், கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கும் தாக்குதலுக்கு மறுநாளே மைக்ரோசாப்ட் திருத்தம் அளித்தது. ஆபத்து பதிப்பின் வயதில் மட்டும் இல்லை, திருத்தம் வந்து சேராமையிலும் இருக்கிறது. திருத்தத்தை நிறுத்துவதும், திருத்தம் இல்லாததால் ஆபத்து என்று எச்சரிப்பதும் ஒரே கையாக இருக்கும்போது அந்த வாதத்தை நாம் கவனமாகவே ஏற்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் உரிம ஒப்பந்தத்தில் அந்த உரிமை அழிக்கப்படவில்லை. விண்டோஸ் 11 புரோ வைத்திருப்பவர் 10 புரோவுக்குத் திரும்பலாம் என்று அது இன்றும் கூறுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 2007-இல் உரிமை குறுகியது, வழி அகன்றது. இன்று உரிமை தாளில் இருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு எந்தச் சட்டமன்றமும் வாக்களிக்கவில்லை. செயலி, இயக்கி, தொடக்க நிரல் ஆகியவற்றின் வடிவமைப்பே சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது.

எங்கள் ஆய்வகத்தில் பழைய கணினியையே வைத்துக்கொண்டோம். இணையத்திலிருந்து துண்டித்து, கருவிக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். பதிவுகளை உடனுக்குடன் எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய ஒலிக்கோப்பாகவும் எளிய உரைக்கோப்பாகவும் மாற்றிச் சேமிக்கிறோம். அந்தக் கணினியின் தாய்ப்பலகை பழுதாகும் நாளில், நல்ல நிலையிலுள்ள ஒரு கருவி பயனற்றதாகிவிடும். அதைக் கொண்டு பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் அளவீடுகளை அதே கருவியால் மீண்டும் சோதித்துப் பார்க்கவும் இயலாது. கருவி வாங்கும்போது அதன் விலையைக் கேட்கும் துறைகள், அதன் இயக்கி மென்பொருளின் மூல நிரல் கிடைக்குமா என்பதையும் கேட்கப் பழக வேண்டும். உங்கள் ஆய்வகங்களில் இதுபோல் ஒற்றைக் கணினியை நம்பியிருக்கும் கருவிகள் உள்ளனவா என்பதை அறிய விழைகிறேன்.